நேரோய்ஃபியோர்டில் படகுப் பயணம்: ஃப்ளோம் முதல் குட்வாங்கென் வரை முழுமையான வழிகாட்டி

ஃபியோர்டு பார்க்க நார்வே கிளம்புகிறவர்கள் படகைப் பற்றி மட்டுமே யோசிக்கிறார்கள். படகு இரண்டு மணி நேரம்தான். அதில் ஏறும் துறைக்கு ரயிலில் வர வேண்டும், இறங்கும் துறையிலிருந்து பஸ் பிடிக்க வேண்டும், அந்த பஸ் இன்னொரு ரயிலைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். எந்த நேரத்துப் படகில் ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் நீங்கள் பார்க்கப்போவது மலையா, முன்னால் நிற்பவரின் முதுகா என்பதும் முடிவாகும். அதனால் படகு நேரத்தை முதலில் வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதைச் சுற்றி அடுக்குங்கள்.

இங்கே சொல்லப்போவது மேற்கு நார்வேயில் ஃப்ளோம் கிராமத்திலிருந்து குட்வாங்கென் வரை ஓடும் படகைப் பற்றி. ஆண்டு முழுக்க ஓடும், ரயிலிலேயே போய்ச் சேரலாம், கார் வேண்டாம். முதல்முறை போகிறவர்களுக்கு இதைவிடத் தோதான பாதை வேறில்லை.

எந்த ஃபியோர்டு, ஏன் இது

ஃபியோர்டு என்பது மலைக்குள் நீண்டு கிடக்கும் கடல். பனியுகத்தில் பனியாறுகள் பள்ளத்தாக்குகளைக் குடைந்து குடைந்து ஆழப்படுத்தின. பனி உருகிப் பின்வாங்கியதும் கடல்நீர் உள்ளே புகுந்தது. கடலோரத்தை எட்டும்போது பனியாறு பரவி மெலிந்துவிடும், வெட்டும் பலம் குறைந்துவிடும். அதனால்தான் ஃபியோர்டுக்கு வாசலில் ஆழம் குறைவு, உள்ளே ஆழம் மிக அதிகம். சோங்னஃபியோர்டு 205 கிலோமீட்டர் நீளம். உள்பகுதியில் 1,300 மீட்டர் ஆழம். அதன் ஒரு கிளை அவுர்லாண்ட்ஸ்ஃபியோர்டு. அந்தக் கிளையின் கிளைதான் நேரோய்ஃபியோர்டு.

நேரோய்ஃபியோர்டின் நீளம் சுமார் 17 கிலோமீட்டர். மிகக் குறுகிய இடத்தில் அகலம் 250 மீட்டர்தான். இரு கரையிலும் நிற்பவர்கள் கத்திப் பேசிக்கொள்ளலாம். சுற்றியுள்ள மலைகள் 1,700 மீட்டர் வரை உயர்கின்றன. 2005இல் கெய்ராங்கர்ஃபியோர்டோடு சேர்த்து இதையும் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் வைத்தது.

கெய்ராங்கருக்கே போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அங்கே ‘ஏழு சகோதரிகள்’ அருவி 250 மீட்டர் உயரத்திலிருந்து நேராக விழுகிறது, எதிர்க்கரையில் ‘மணம் கேட்டு வந்தவன்’ என்று பெயர் வைத்த இன்னொரு அருவி. ஆனால் அங்கே ரயில் கிடையாது. குளிர்காலத்தில் மலைச்சாலைகள் மூடிவிடும். கோடையில் கார் அல்லது ஓலெசுண்ட் நகரிலிருந்து நீண்ட பயணம். இரண்டாம் முறை நார்வே போகும்போது வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாவாங்கரிலிருந்து போகும் லீசஃபியோர்டு படகில் ஏமாற்றம் ஒன்று காத்திருக்கிறது: 604 மீட்டர் உயரத்தில் இருக்கும் புகழ்பெற்ற பிரைகெஸ்டோலன் பாறை, கீழே நீரிலிருந்து அண்ணாந்து பார்த்தால் சின்ன மாடம் மாதிரிதான் தெரியும். அதை நடந்து ஏறிப் பார்ப்பதுதான் சரி. ஹார்டாங்கர்ஃபியோர்டு மே மாதம் ஆப்பிள் தோட்டங்கள் பூக்கும்போது அழகு. மற்ற மாதங்களில் அவசரமில்லை.

பெரிய சொகுசுக் கப்பலில் வந்து இதையெல்லாம் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. பதினைந்து மாடிக் கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் மலை குட்டையாகிவிடும். ஃபியோர்டை நீர்மட்டத்துக்குப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். கப்பலில் ஃப்ளோம் வருகிறவர்களிலும் பலர் அங்கே இறங்கி, இந்தச் சிறு படகுக்குத்தான் டிக்கெட் எடுக்கிறார்கள்.

திசை முக்கியம்

ஃப்ளோமிலிருந்து குட்வாங்கென் நோக்கிப் போங்கள். எதிர்த்திசையில் வேண்டாம். ஃப்ளோமில் கிளம்பும்போது ஃபியோர்டு அகலமாக, சாதாரணமாகத்தான் தொடங்கும். பிறகு திரும்பி, ஒடுங்கி, மலைகள் நெருங்கி, குட்வாங்கெனில் முட்டி நிற்கும். எதிர்த்திசையில் ஏறினால் உச்சக் காட்சி முதல் ஒரு மணி நேரத்திலேயே முடிந்துவிடும்; மிச்ச நேரம் உள்ளே போய் காபி குடிப்பீர்கள்.

இந்தத் திசைக்கு ஏற்ற முழுப் பாதை: தலைநகர் ஒஸ்லோவிலிருந்து மேற்குக் கரை நகரமான பெர்கன் போகும் ரயில் பாதையில் மிர்டால் நிலையம் வரை சுமார் நாலே முக்கால் மணி நேரம். மிர்டாலில் மாறி மலை ரயிலில் ஃப்ளோம், ஏறக்குறைய ஒரு மணி நேரம். படகில் குட்வாங்கென், இரண்டு மணி நேரம். பஸ்ஸில் வோஸ், சுமார் ஒரு மணி நேரம். வோஸிலிருந்து பெர்கன் ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். ‘ஒரு கொட்டைக்குள் நார்வே’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்து இதே பாதையை ஒரே டிக்கெட்டாகவும் விற்கிறார்கள். அதற்குள் இருப்பது எல்லாரும் ஏறும் அதே ரயில், அதே படகு, அதே பஸ்தான். தனித்தனியாக நீங்களே எடுக்கலாம். ஒரே டிக்கெட்டில் நேரம் பார்த்துக் கோக்கும் தலைவலி இல்லை. தனித்தனியாக எடுத்தால் நடுவில் ஓர் இரவு தங்கும் சுதந்திரம் எளிதாகக் கிடைக்கும்.

ஓர் இரவு தங்குவதைத்தான் பரிந்துரைக்கிறோம். ஒரே நாளில் ஒஸ்லோவிலிருந்து பெர்கன் வரை இப்படிச் சுற்றி வந்தால் பதின்மூன்று மணி நேரத்துக்குக் குறையாது; ஃப்ளோமில் கால் ஊன்றக்கூட நேரம் இருக்காது. முதல் நாள் மாலை ஃப்ளோம் வந்து தங்கி, மறுநாள் முதல் படகில் ஏறுங்கள். ஒஸ்லோவிலிருந்தும் பெர்கனிலிருந்தும் அன்று கிளம்பிய கூட்டம் நண்பகலில்தான் ஃப்ளோம் வந்து சேரும். காலைப் படகில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

பெர்கனில் தங்கியிருப்பவர்கள் ஒரே நாளில் வட்டமடித்துத் திரும்பிவிடலாம். அப்போதும் ரயிலில் மிர்டால், ஃப்ளோம் என்று முதலில் போய், படகை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம்

மே கடைசியும் ஜூனும். மலை உச்சியில் இன்னும் பனி இருக்கும், அது உருகிக்கொண்டே இருப்பதால் அருவிகள் முழு வேகத்தில் விழும். வரைபடத்தில் பெயரே இல்லாத நூறு நீர்க்கோடுகள் பாறையில் வழியும். ஜூன் கடைசியில் பகல் 19 மணி நேரம்.

ஜூலையில் வெயில் அதிகம், கூட்டமும் அதிகம். ஆகஸ்ட் பாதிக்குமேல் அருவிகள் மெலியத் தொடங்கும். படத்தில் பார்த்த அருவியைத் தேடி ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மாதத்தில் போனவர்கள். செப்டம்பர் கடைசியில் பிர்ச் மரங்கள் மஞ்சளாகும், அறை வாடகை இறங்கும். குளிர்காலத்திலும் படகு ஓடுகிறது, ஆனால் நாளுக்கு ஓரிரு முறைதான். பகல் ஆறு மணி நேரமே. குட்வாங்கென் பக்கம் மலைகள் மறைப்பதால் பல வாரங்கள் சூரியன் எட்டிப் பார்ப்பதே இல்லை. உருகிய பனிநீர் உப்பில்லாமல் மேலே மிதப்பதால் கடும் குளிரில் ஃபியோர்டின் உள்முனை உறைவதும் உண்டு. வெள்ளை மலை, கறுத்த நீர், ஆளில்லாத தளம்: அதுவும் தனி அழகுதான்; ஆனால் அது இரண்டாம் பயணத்துக்கு.

மழையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். பெர்கனில் ஆண்டில் 200 நாளுக்கு மேல் மழை. உள்ளே தள்ளியிருக்கும் ஃப்ளோமில் அந்த அளவு இல்லை. மழை பெய்தால் அருவி கூடும். காட்சியைக் கெடுப்பது தாழ்ந்து இறங்கும் மேகம்தான். அதுவும் இரண்டு மணி நேரத்தில் விலகி விலகி மூடும்.

விசா, பணம், சூட்கேஸில் வைக்கக் கூடாதது

நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கனில் இருக்கிறது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுகளுக்கு ஷெங்கன் விசா வேண்டும். மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுகளுக்கு 90 நாள் வரை வேண்டாம். பல நாடுகள் சுற்றுவதாக இருந்தால், அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். நார்வேயில் மூன்று நாள், பிரான்ஸில் ஆறு நாள் என்றால் பிரான்ஸிடம்தான் போக வேண்டும்; இதை மாற்றிச் செய்து நிராகரிப்பு வாங்குகிறவர்கள் உண்டு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பு என்பது விதி; ஆனால் கோடைக்கு நேரம் கிடைப்பதே கடினம் என்பதால் மூன்று மாதம் முன்பு போங்கள். கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும்.

நாணயம் குரோனெ, யூரோ அல்ல. கையில் நோட்டு தேவையே இல்லை. படகிலும் பஸ்ஸிலும் கழிப்பறையிலும்கூட அட்டைதான். அந்நியச் செலாவணிக் கட்டணம் குறைந்த அட்டை ஒன்றும், அது மக்கர் செய்தால் இன்னொன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

இறைச்சி, பால்பொருள் எதையும் இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா எல்லாம் இதில் அடக்கம். புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, அரிசி, எண்ணெயில் பொரித்த முறுக்கு இவற்றுக்கு அந்தத் தடை இல்லை.

பதிவு செய்யும் வரிசை

வரிசையை மாற்றினால் பணம் வீணாகும். இப்படிச் செய்யுங்கள்.

1. படகின் நேர அட்டவணையை முதலில் பாருங்கள். கோடையில் நாளுக்குப் பல படகுகள். பிற மாதங்களில் ஒன்றோ இரண்டோதான்.

2. ஃப்ளோம் துறைமுகத்தின் கப்பல் வருகைப் பட்டியலைப் பாருங்கள். இணையத்தில் வெளிப்படையாகவே இருக்கிறது. சில நூறு பேர் வாழும் கிராமம் அது. மூவாயிரம் பேர் கப்பலில் வந்து இறங்கும் நாளில் மலை ரயிலும் படகும் கழிப்பறை வரிசையும் ஒன்றுபோல நிரம்பும். ஒரு நாள் தள்ளிப் போட முடிந்தால் தள்ளிப் போடுங்கள். இந்தப் பட்டியலை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்களின் பயணம் வேறு மாதிரி இருக்கும்.

3. தங்குமிடம். ஃப்ளோமில் இடம் குறைவு, ஜூலைக்கு மார்ச்சிலேயே நிரம்பும். கிடைக்காவிட்டால் எட்டு கிலோமீட்டர் தள்ளி அவுர்லாண்ட் கிராமம். ‘ஹுட்டெ’ என்னும் மரக்குடில் எடுத்தால் படுக்கை விரிப்பும் துண்டும் வாடகைக்குள் அடக்கமா என்று கேளுங்கள். பெரும்பாலும் தனிக் காசு. குடிலில் அடுப்பு இருக்கும், சோறு வடிக்கலாம்.

4. படகு டிக்கெட், மலை ரயில் டிக்கெட். இரண்டுமே குறிப்பிட்ட நேரத்துக்கானவை.

5. கடைசியில் ஒஸ்லோ, பெர்கன் ரயில். ‘வீ’ என்ற ரயில் நிறுவனத்தின் செயலியில் மலிவு டிக்கெட் உண்டு. முன்கூட்டியே எடுத்தால் பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும், ஆனால் பணம் திரும்பாது. அதனால்தான் இது கடைசி. ரயில், பஸ், படகு மூன்றின் நேரத்தையும் ஒரே இடத்தில் பார்க்க ‘என்தூர்’ செயலி.

மிர்டாலில் மாறுவது

மிர்டால் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 866 மீட்டர் உயரம். அதற்குக் கார்ச் சாலை கிடையாது. ரயிலை விட்டால் டாக்ஸி கூப்பிட முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, இணைப்புக்கு நேரம் விட்டு டிக்கெட் எடுங்கள். இறங்கிய நடைமேடையிலிருந்து மலை ரயிலின் நடைமேடை சில அடி தூரம்தான். ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்குவதால் பெரிய பெட்டியோடு பின்தங்குகிறவர்களுக்கு ஜன்னல் ஓரம் கிடைப்பது சந்தேகம். காட்சி இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறி வரும், எந்தப் பக்கம் என்று சண்டை வேண்டாம்.

இந்த ரயில் 20 கிலோமீட்டரில் அந்த 866 மீட்டரையும் இறங்கிவிடுகிறது. சரிவு 18க்கு 1. பல்சக்கரம் இல்லாத சாதாரணத் தண்டவாளத்தில் இவ்வளவு சரிவு அபூர்வம். மொத்தம் 20 சுரங்கங்கள், பெரும்பாலானவை கையால் குடைந்தவை. 1940இல் ஓடத் தொடங்கியது. நடுவில் ஷோஸ்ஃபோசன் அருவி அருகே சில நிமிடம் நிற்கும். நடைமேடையில் அருவித் தூறல் தெறிக்கும், பலகை வழுக்கும். போனை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு இறங்குங்கள்.

உடையும் பையும்

வெயில் நாளிலும் படகின் தளத்தில் குளிரும். படகு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் வரை போகிறது. எதிர்க்காற்று அவ்வளவும் முகத்தில் அடிக்கும். ஜூலையில் கரையில் 18 டிகிரி இருந்தால் தளத்தில் பத்து போலத் தோன்றும். உள்ளே மெல்லிய கம்பளி, நடுவில் ஸ்வெட்டர், மேலே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். பருத்தி நனைந்தால் காயாது. காதை மூடும் தொப்பி, விரல் நுனி போனைத் தொடக்கூடிய கையுறை. குடை வேண்டாம், காற்றில் மடங்கி அடுத்தவர் கண்ணைக் குத்தும். சேலை கட்டியே பழகிய அம்மாக்களை அழைத்துப் போனால், உள்ளே வெப்ப உள்ளாடை, மேலே இடுப்புக்குக் கீழே வரும் ஜாக்கெட், முந்தானையை ஜாக்கெட்டுக்குள் சொருகிவிடுங்கள். தலைப்பு பறந்துகொண்டே இருந்தால் அவர்கள் உள்ளே போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

பெரிய பெட்டியைப் படகின் கீழ்த்தளத்தில் வைக்கலாம், பூட்டு கிடையாது. பாஸ்போர்ட்டை அதில் வைக்காதீர்கள்.

கடல் நோய் பயம் வேண்டாம். கடற்கரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறீர்கள், அலை இங்கே வராது. குமட்டல் மாத்திரை தேவைப்படுவது பெர்கனிலிருந்து வடக்கே போகும் கடலோரக் கப்பலில். அதில் ஸ்டாட் முனையைத் தாண்டும் திறந்த கடல் முரட்டுத்தனமானது.

படகில்

இந்த வழியில் ஓடும் இரண்டு முக்கியப் படகுகள் 2016இலும் 2018இலும் வந்தவை. முதலாவது பேட்டரியும் டீசலும் கலந்தது; இரண்டாவது முழுக்க மின்சாரம், 42 மீட்டர் நீளம், 400 பேர் ஏறலாம். வெளிப்பக்கம் முழுக்கச் சரிவான நடைபாதை, மலைப்பாதை போல வளைந்து வளைந்து மேல்தளம் வரை ஏறுகிறது. ஓரத்தில் நிற்பதற்கு நிறைய இடம் கிடைப்பதற்காகவே இந்த வடிவம்.

மின்படகு என்பதில் உங்களுக்கு என்ன லாபம் என்றால், சத்தம். எஞ்சின் உறுமல் இல்லாததால் அருவி விழுவது காதில் விழும், கரையில் ஆட்டுமணி கேட்கும். 2026 ஜனவரி 1 முதல் மரபுரிமை ஃபியோர்டுகளில் சிறிய பயணிக் கப்பல்கள் புகையே விடக் கூடாது என்று நார்வே சட்டம் போட்டிருக்கிறது. பெரிய கப்பல்களுக்கு 2032 வரை தவணை கொடுத்திருக்கிறார்கள், அதைப் பற்றி உள்ளூரில் முணுமுணுப்பு உண்டு.

கிளம்புவதற்கு 30 நிமிடம் முன்பு வரிசையில் நில்லுங்கள். இருக்கை எண் கிடையாது. ஏறியதும் எல்லாரும் மேல்தள முன்பக்கத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓட வேண்டாம். முதல் முக்கால் மணி நேரம் அவுர்லாண்ட்ஸ்ஃபியோர்டு அகலமானது, எங்கே நின்றாலும் தெரியும். இந்த நேரத்தில் உள்ளே காபி, உணவு எதையும் முடித்துவிடுங்கள். முன்பக்கம் பிடித்தவர்கள் குளிரில் நடுங்கி உள்ளே வரத் தொடங்கும்போது நீங்கள் வெளியே போங்கள். இந்த ஒரு மாற்றத்தில்தான் நல்ல இடம் கிடைக்கிறது.

வரும் வரிசை இது. ஃப்ளோமை விட்டதும் வலப்புறம், கரையை விட்டு மேலே, ஓட்டர்னெஸ் என்ற பழைய பண்ணைத் தொகுதி. அதைத் தாண்டி அவுர்லாண்ட் கிராமம், அதன் தலைக்கு மேலே 650 மீட்டர் உயரத்தில் ஸ்டேகஸ்டைன் காட்சி மேடை: மலையிலிருந்து 30 மீட்டர் வெளியே நீட்டி, நுனியில் கீழே மடங்கும் மரப்பாலம். கீழிருந்து பார்த்தால் தீக்குச்சி. முதல் நாள் மாலை நேரம் இருந்தால் ஃப்ளோமிலிருந்து வண்டியில் அங்கே போய்வரலாம்.

பிறகு இடப்புறம் உண்ட்ரெடால். ஆட்டுப் பாலாடைக்கட்டிக்குப் பெயர்போன ஊர். வெள்ளை நிறத்தில் பொம்மை மாதிரி தெரியும் தேவாலயம் பன்னிரண்டாம் நூற்றாண்டின் மரக்கட்டுமானம், நாற்பது பேர் உட்காரலாம். படகுக் கடையில் பழுப்புநிறச் சீஸ் இருந்தால் ஒரு துண்டு வாங்கிப் பாருங்கள். மோர்நீரைச் சுண்டச் சுண்டக் காய்ச்சி எடுப்பது. சீஸ் என்று நினைத்துக் கடித்தால் திரட்டுப்பாலுக்குப் பக்கத்தில் வரும்.

அடுத்து வரும் பைட்டெலன் முனையில் படகு இடப்பக்கம் திரும்பும். எல்லாரும் எழும் நேரம் இதுதான். நீங்கள் ஏற்கெனவே வெளியே நின்றிருக்க வேண்டும். திரும்பியதும் வெளிச்சம் குறையும், காற்றின் திசை மாறும். நேராகப் பார்த்தால் தண்ணீர் எங்கே போய் முடிகிறதென்று தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் பாதை அடைத்துவிட்டது போலத் தோன்றி, கிட்டே போனதும் விலகும்.

டிர்டால், ஸ்டீவி போன்ற பண்ணை வீடுகள் கரையோரம் ஒன்றிரண்டாக வரும். ஸ்டீவி பக்கம் கரையை ஒட்டி ஒரு நடைபாதை தெரிந்தால் அது பழைய அஞ்சல் வழி. 1647இல் நார்வேயின் அஞ்சல் சேவை தொடங்கிய காலத்திலிருந்து தலைநகருக்கும் பெர்கனுக்கும் இடையே கடிதங்கள் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போயின. படகு போக முடியாதபடி ஃபியோர்டு உறைந்த நாட்களில் தபால்காரர்கள் அந்தப் பாதையில் நடந்தார்கள்.

படம் எடுக்க ஒரு யோசனை. வெறும் மலையை எடுத்தால் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது அது குன்று மாதிரி இருக்கும். அளவு தெரிய, அடியில் ஒரு வீடோ ஆடோ படகோ சட்டத்துக்குள் இருக்க வேண்டும். செங்குத்தாகப் பிடித்து, போனின் அகலக்கோண லென்ஸைப் போடுங்கள். ஃபியோர்டு ஆழமாக இருப்பதால் ஒரு சுவர் வெயிலிலும் மறுசுவர் நிழலிலும் இருக்கும். இரண்டையும் ஒன்றாக எடுத்தால் ஒன்று வெளுக்கும், ஒன்று கறுக்கும். நிழல் பக்கத்தைத் தனியாக எடுங்கள். அருவிகள் அங்கேதான் நன்றாக விழும். ஜன்னல் கண்ணாடி வழியாக எடுக்க வேண்டாம்.

கடைசி வளைவுகளில் வலக்கரையில் பாக்கா, 1859இல் கட்டிய சிறு தேவாலயத்துடன். பிறகு குட்வாங்கென். துறையை நெருங்கும்போது மேலே அண்ணாந்தால் ஷெல்ஃபோசன் அருவி, மலையுச்சியிலிருந்து பல கட்டமாக இறங்குகிறது.

துறையில் கட்டிய பிறகு, இறங்கும் அவசரத்தில் யாரும் கவனிக்காத ஒன்று: நீரில் மிதக்கும் நீண்ட மேடை. அதற்குள் 2.4 மெகாவாட்மணி பேட்டரி இருக்கிறது. கிராமத்து மின்கம்பியால் ஒரு படகுக்கு வேண்டிய மின்சாரத்தை ஒரே மூச்சில் தர முடியாது. அதனால் மேடை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பி, படகு வந்ததும் இருபதே நிமிடத்தில் கொட்டிவிடும். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் சேர்த்துவைத்துக் குழாயைத் திறக்கிற அதே வேலை.

இறங்கியதும்

வோஸ் போகும் பஸ் துறைக்கு அருகிலேயே நிற்கும். படகு நேரத்தை ஒட்டித்தான் பெரும்பாலான பஸ்கள், ஆனால் எல்லாப் படகுக்கும் பஸ் இல்லை. என்தூரில் முன்கூட்டியே பாருங்கள். பெட்டி வைத்திருப்பவர்கள் படகில் கீழ்த்தளக் கதவுக்குப் பக்கத்தில் கடைசிப் பத்து நிமிடம் நின்றால் பஸ்ஸில் இடம் கிடைக்கும். ஃப்ளோமுக்கே திரும்ப வேண்டியவர்களுக்கும் பஸ் உண்டு. 11.4 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக இருபது நிமிடம்.

சாப்பாடு: படகிலும் ஃப்ளோமிலும் உள்ள உணவு விலையைப் பார்த்து அதிர்ச்சி அடைவதைவிட, ஒஸ்லோவிலேயே ‘கீவி’, ‘ரேமா’ போன்ற கடைகளில் ரொட்டி, பழம், தயிர் வாங்கிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மளிகைக் கடைகள் மூடியிருக்கும். குழாய்த் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் மீன் வந்துவிடும். மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள்.

எங்கே கெடுகிறது

அறிவிப்புப் பலகையில் நான்கு சொற்கள் தெரிந்தால் பாதிப் பதற்றம் குறையும். ‘அவ்காங்’ புறப்பாடு. ‘ஃபர்சின்கெட்’ தாமதம். ‘இன்ஸ்டில்ட்’ ரத்து. ‘புஸ் ஃபோர் டோக்’ என்றால் ரயிலுக்குப் பதில் பஸ். பெர்கன் பாதையில் தண்டவாள வேலை கோடையில்தான் நடக்கும். அந்த நாட்களில் இந்தக் கடைசிச் சொல் அடிக்கடி வரும். மிர்டாலுக்குச் சாலை இல்லாததால் பதில் பஸ் அங்கே வராது, நேராக ஃப்ளோமுக்கோ வோஸுக்கோ போகும். டிக்கெட் எடுத்த பிறகும் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பும் முதல் நாள் இரவும் செயலியைத் திறந்து பாருங்கள்.

வோஸுக்கும் குட்வாங்கெனுக்கும் இடையே சாலையில் பாறை சரிந்து மூடுவதும் உண்டு, மழைக்குப் பிறகும் பனி உருகும் காலத்திலும். அன்று வோஸ் போகும் வழி அடைபட்டுவிடும். குட்வாங்கெனிலிருந்து ஃப்ளோம் திரும்பி மலை ரயிலில் மிர்டால் ஏறி பெர்கன் போகலாம், நான்கு மணி நேரம் கூடுதல். அதனால் பெர்கனிலிருந்து கிளம்பும் விமானத்தை இதே நாள் மாலைக்கு வைக்காதீர்கள்.

படகைத் தவற விட்டால்? அது நிமிடம் தவறாமல் கிளம்பும், கைகாட்டினால் நிற்காது. பதறிப்போய் குட்வாங்கென் பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள். இருபது நிமிடத்தில் போய்விடுவீர்கள், ஆனால் நேரோய்ஃபியோர்டு முழுவதும் அந்தச் சுரங்கத்துக்கு வெளியே போய்விடும். டிக்கெட் கவுன்டரில் அடுத்த படகுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். இடம் இருந்தால் பெரும்பாலும் தருவார்கள். வோஸிலிருந்து பெர்கனுக்கு இரவு வரை ரயில் இருக்கிறது. மலிவு ரயில் டிக்கெட் எடுத்திருந்தால் அந்தப் பணம் மட்டும் போகும்.